இரண்டு வலையும் ஒரு பூனையும்

விடிந்ததும் படகுத்துறைக்கு வந்த பீரங்கி, தன் வலையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

காயப்போட்டிருந்த வலை, பக்கத்து வலையோடு பின்னிப் பிணைந்து கிடந்தது. எது எவருடையது என்று கடவுளே வந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. ராத்திரி முழுக்கப் பேய்க்காற்று.

பக்கத்து வலை அவருடைய மச்சினனுடையது. அதுதான் வயிற்றெரிச்சல்.

வேறு யாருடையதாவது என்றால் நாலு வசவு வைதுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். பீரங்கி என்ற பெயரே அந்தத் தொண்டைக்காக வைத்ததுதான். ஆனால் மச்சினனோடு பேச்சுவார்த்தை கிடையாது. படகுக்குப் பச்சை அடிக்க முதலில் நினைத்தது யார், அதைப் பார்த்துக் காப்பியடித்தது யார் என்று போன மழைக்காலத்தில் ஆரம்பித்த சண்டை. பச்சை வெளுத்துவிட்டது. சண்டை வெளுக்கவில்லை.

மற்ற படகுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. மத்தி மீன் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வந்திருப்பதாகச் சேதி. இன்றைக்கு விட்டால் அது போன இடம் தெரியாது.

மச்சினனும் வந்து நின்றான். தொண்டையைச் செருமினான். வானம், கடல், தன் செருப்பு என்று அவரைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தான்.

வலைக் குவியலின் மேல் ஒரு பூனை சொகுசாகப் படுத்திருந்தது. பீரங்கி அதனிடம் திரும்பினார்.

“அந்தப் பக்கத்து நுனியை இழுத்துப் பிடிக்கச் சொல்லு.”

பூனை கண்ணை மூடிக்கொண்டது. மச்சினன் நுனியை இழுத்துப் பிடித்தான்.

“இப்படிப் பிடுங்கினா கிழியும்னு சொல்லு,” என்றான் அவனும் பூனையிடம்.

“நான் வலை இழுக்க ஆரம்பிச்சப்ப இவனுக்குப் பல்லே முளைக்கலன்னு சொல்லு.”

“இப்ப அவருக்குத்தான் பல்லு கொட்டிப்போச்சுன்னு சொல்லு.”

பீரங்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் திறந்தால் முன்பல் இல்லாதது தெரியுமே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இருவரும் குந்தி உட்கார்ந்தார்கள். ஒருவர் மிதவையைத் தூக்க, மற்றவர் அடியில் கைவிட்டு ஈயக்குண்டை உருவினார். ஒரே படகில் பல வருஷம் வலை இழுத்தவர்கள். வாய்க்குத்தான் சண்டை. கைகளுக்கு அது தெரியவில்லை.

பாதியில் பூனைக்கு அலுத்துப்போயிற்று. எழுந்து சோம்பல் முறித்து, மீன் வாசம் வந்த பக்கம் நடையைக் கட்டியது.

இனி யாரிடம் சொல்வது?

காலில் வலை சுற்றியதைக் கவனிக்காமல் எழுந்த மச்சினன் தடுமாறினான்.

“பாத்துடா!”

பீரங்கி போட்ட சத்தத்தில் துறையே திரும்பிப் பார்த்தது.

“பாத்துட்டுத்தான் இருக்கேன் மாமா,” என்றான் அவன்.

மாமா. அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அவர் காதில் விழாதது போல மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

அதன்பிறகு இருவர் வாயும் ஓயவில்லை. இன்ஜின் இருமுவது, மச்சினனின் மகள் நடக்கத் தொடங்கியிருப்பது, அவள் விழுந்தால் அழாமல் தரையை அடிப்பது.

“அப்படியே உங்க குணம் மாமா.”

கடைசிச் சிக்கலில் பீரங்கியின் விரல்கள் நின்றன.

காற்று வலையைச் சுருட்டும், முறுக்கும், பின்னும். ஆனால் இரண்டு வலைகளையும் சேர்த்து இரட்டை முடிச்சுப் போட்டு, நுனியை உள்ளே மடித்துச் செருகிவிட்டுப் போகாது.

அப்படி முடிச்சுப் போடும் கை ஊரில் ஒன்றுதான். இரண்டு படகுகளின் கிழிந்த வலைகளையும் தைத்துத் தரும் கை. அவருக்குப் பெண்டாட்டி, இவனுக்கு அக்கா.

‘அடிப்பாவி’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். வாய் காதுவரை விரிந்தது. பல் இல்லாத கவலை இப்போது இல்லை.

அவளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. மச்சினன் பார்ப்பதற்குள் கத்தியால் முடிச்சை அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

மச்சினன் தன் வலையை அள்ளக் குனிந்திருந்தான். அவன் சட்டைப்பையிலிருந்து, நுனி உள்ளே மடித்துச் செருகிய இன்னொரு முடிச்சு எட்டிப் பார்த்தது. வெகுநேரமாக அங்கே இருந்திருக்க வேண்டும். அவன் வியர்வையில் நன்றாக ஊறிப்போயிருந்தது.