தூக்கக் கலக்கத்தில் போட்ட ஓட்டு

சுற்றுச்சூழலைக் காக்கச் சபையில் போட்ட ஒவ்வொரு ஓட்டுக்கும், ஓய்வு பெற்ற சட்டமன்ற உறுப்பினர் வீட்டுக்குத் தினம் ஒரு மணி நேரம் சுத்தமான காற்று வரும். இருபது வருடம் உறுப்பினராக இருந்த மாசிலாமணி வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு மணி நேரம். அந்த நேரத்தில்தான் மனைவி திலகவதிக்கு மூச்சிரைப்பு அடங்கும். அவள் பங்கு குறையக் கூடாதென்று அவர் வாசலுக்குப் போய்விடுவார்.

அன்று கதவருகே நின்றார். "அந்த ஒரு ஓட்டும் தப்பா விழுந்தது, திலகம். ஏரியைக் காப்பாத்துற மசோதாவுக்குக் கட்சி 'இல்லை' போடச் சொல்லிச்சு. தூக்கக் கலக்கத்துல 'ஆம்' அமுக்கிட்டேன்."

"தெரியும். என் ஆபரேஷனுக்கு மூணு ராத்திரி கண்ணு மூடாம உக்காந்திருந்துட்டு, நேரா சபைக்குத்தானே போனீங்க?"

அவள் கட்டிலில் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

"கதவைச் சாத்திட்டு உள்ள வாங்க. காத்து வெளிய போகுது."