ஆறு டப்பாக்கள்

"ரிசல்ட் நல்லாத்தான் வரும் மாப்ள. நீ போய் வேலையைப் பாரு."

முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எதிரே நின்ற மச்சினன் நகரவில்லை.

போல்ட், நட்டுகளுக்கு முலாம் பூசும் பட்டறை அது. தொட்டியில் இருப்பது காட்மியம். மேலே பூசினால் இரும்பு துருப்பிடிக்காது. உடம்புக்குள் போனால் சிறுநீரகம் காலி. பட்டறைக் கழிவு கலக்கும் ஓடையில் மீன்கள் செத்து மிதக்க, புகார் பறந்தது. தொழிலாளர் நல டாக்டரம்மா வந்து, ஆறு தொழிலாளர்களுக்கும் ஆளுக்கொரு டப்பா கொடுத்து, மறுநாள் முதலாளியிடமிருந்து சிறுநீர் வாங்கிப் போயிருந்தார். அதில் காட்மியம் இருந்தால் பட்டறைக்குப் பூட்டு.

"நம்ம ஆளுங்க கையுறையே போடுறதில்ல. புகையை இழுக்கிற ஃபேனும் ஓடுறதில்ல. எந்தத் தைரியத்துல சொல்றீங்க மாமா?"

"நானும் இளவட்டமா இருந்தப்போ அதே தொட்டியில வெறுங்கையை விட்டுத்தான் பொழைச்சேன். எனக்கு என்ன ஆச்சு? கல்லு மாதிரி இருக்கேன். இந்தக் கண்ணாடி ரூமுக்கு வந்த பிறகு தொட்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல."

சும்மா சொல்லக்கூடாது, ஜலதோஷம்கூட அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் வரும்.

கதவைத் திறந்துகொண்டு டாக்டரம்மா உள்ளே வந்தார். முதலாளி எழுந்து கும்பிட்டார்.

"வாங்கம்மா. பூட்டு எதுவும் கொண்டு வரலையே?"

"கொண்டு வந்திருக்கேன். ஆனா பூட்டுறது அப்புறம். முதல்ல உங்க ஆளுங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். ஆறு பேர் சாம்பிள்லயும் காட்மியம் எக்கச்சக்கம். புரதமும் இறங்குது. சிறுநீரகம் நல்லாவே அடிபட்டிருக்கு."

முதலாளி சிரித்தார். "எங்கயோ தப்பு நடந்திருக்கும்மா. இன்னொரு தடவை சோதிச்சுப் பாருங்க."

"பார்த்தாச்சு. அதே முடிவுதான்."

மச்சினன் கண்ணாடி வழியே பட்டறையைப் பார்த்தான். தொழிலாளர்கள் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டு போல்ட்டுகளை அலசிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் இப்பதான் வேலைக்குச் சேர்ந்தவங்க டாக்டர். சின்ன வயசு. அதுக்குள்ளவா?"

"அதுதான் எனக்கும் புரியல. இந்த அளவுக்குச் சேரணும்னா பல வருஷம் ஆகும். உள்ள போன காட்மியம் லேசுல வெளிய வராது. வேலையை விட்டாலும் சிறுநீரகத்துல உட்கார்ந்து அரிச்சுக்கிட்டே இருக்கும். ஆளு என்னவோ திடமாத்தான் தெரிவாங்க. இன்னொரு அதிசயம், ஆறு பேருக்கும் அளவு ஒண்ணாவே இருக்கு."

முதலாளியின் சிரிப்பு நின்றிருந்தது.

"அவங்களைக் கூப்பிடுங்க. பக்குவமா நானே சொல்றேன்" என்றார் டாக்டரம்மா.

மச்சினன் கதவை நோக்கி நடந்தான். முதலாளி சட்டென்று அவன் கையைப் பிடித்தார்.

"அவங்களைக் கூப்பிட வேணாம் மாப்ள" என்றார் மெல்ல.

அன்றைக்குத் தொழிலாளர்கள் கொடுத்ததையெல்லாம் கழிப்பறையில் கொட்டிக் கழுவிவிட்டு, ஆறு டப்பாவையும் நிரப்பி வைத்தது அவர் ஒருவர்தான்.