நாற்பத்தியோராவது கிழங்கு

ஏழு மணிக்கு மலையை வெட்ட மெஷின் வரும்.

மணி ஆறு இருபது. அவன் மண்டியிட்டுத் தோண்டிக்கொண்டிருந்தான்.

கடப்பாரை இல்லை. மண்வெட்டி இல்லை. ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர், ஒரு சமையல் கரண்டி. பெரிய கருவி பட்டால் கிழங்கு பிளந்துவிடும்.

“முப்பத்தொம்பது...”

வாய்விட்டுத்தான் எண்ணினான். கேட்பதற்கு அந்தக் கலிஃபோர்னிய மலைச்சரிவில் யாரும் இல்லை. வீட்டிலும் இல்லை. கடந்த ஒன்பது நாளில் அவன் பேசிய தமிழ் இந்த எண்கள் மட்டும்தான்.

சரிவு முழுக்க மாரிபோசா லில்லி.

பூண்டுப் பல் அளவுக் கிழங்கு. ஒற்றை நீள இலை. காற்றுக்கு ஆடும் தண்டின் நுனியில் மூன்றே இதழ்கள். வெள்ளை. உள்ளே, ஊசி குத்தி வந்த ரத்தம் மாதிரி ஒரு பொட்டு.

ஸ்பானிஷில் மாரிபோசா என்றால் வண்ணத்துப்பூச்சி. பெயரில்தான் பறக்கிறது. இதன் விதைகூடப் பறக்காது. காய் வெடித்தால் தாயின் காலடியிலேயே விழும். விழுந்த இடத்திலேயே முளைக்கும். ஒரு பூ விட ஆறேழு வருஷம் எடுத்துக்கொள்ளும்.

இப்படியே பல்லாயிரம் வருஷம். பக்கத்து மலைக்குப் போகாமலே இருந்து, பக்கத்து மலைப் பூவோடு உறவு விட்டுப்போய், தனி இனமாகிவிட்டது. பாம்புத்தோல் மாதிரிப் பச்சைப் பாறை, மற்ற செடிகள் ஒதுங்கிப் போகும் மண். இதற்கு அந்த மண்தான் வேண்டும்.

இந்த ஒரு மலை. உலகத்திலேயே.

நாற்பது.

ஈரச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்தான். தொட்டியில் நட்டால் நாற்பதில் எத்தனை பிழைக்கும்? அவனுக்குத் தெரியும். அதை மட்டும் அவன் எண்ணவில்லை.

நாற்பத்தியோராவது ஆழத்தில் இருந்தது. வயசான கிழங்கு. வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். விரலால் மண்ணைத் தள்ளினான்.

“வந்துடு... வந்துடு...”

முதுகுக்குப் பின்னால் பூட்ஸ் சத்தம்.

“என்னவே, வீட்டுல வெங்காயம் தீந்து போச்சா?”

தமிழ்!

மஞ்சள் ஜாக்கெட். அறுபது வயது வாட்ச்மேன். நெஞ்சில் குத்தியிருந்த பட்டையில் ‘செபஸ்தியான்’.

“எண்ணுததக் கேட்டேன். நம்ம ஊர்க்காரன்லான்னு நெனச்சேன். இல்லன்னா இந்நேரம் போலீஸக் கூப்பிட்டிருப்பேன்.”

அவன் விஷயத்தைச் சொன்னான். மூச்சு வாங்க, நாலே வாக்கியத்தில். வேறெங்கும் இல்லாத பூ. ஏழு மணிக்கு மண்ணோடு மண்ணாகப் போய்விடும்.

செபஸ்தியான் சுற்றிலும் பார்த்தார். சரிவே வெள்ளையாக ஆடிக்கொண்டிருந்தது.

“வாசல் கேட்டுல ஒட்டியிருக்க பேப்பர்ல, செடியே இல்லன்னுல்லா போட்டிருக்கு! ரெண்டு வருஷம் முந்தி ஒருத்தன் வந்து பாத்துட்டு, ‘அபூர்வமா ஒண்ணும் இல்ல’ன்னு கையெழுத்துப் போட்டிருக்கான். சிவசைலமாம். எங்க பக்கத்துப் பேரு, அதான் நின்னு வாசிச்சேன். அந்தப் பய கண்ண எங்க வச்சிருந்தான்?”

“அது மழை இல்லாத வருஷம்.” அவன் கரண்டியைக் கீழே வைத்தான். “மழை இல்லேன்னா இது இலைகூட விடாது. கிழங்கு உள்ளேயே தூங்கும். மேலே பார்த்தா வெறும் கல்லுதான்.”

“மறுவருஷமும் வந்து பாத்திருக்கப்பிடாதா?”

அவன் மறுபடி குனிந்து மண்ணை விலக்கினான்.

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. அவனே வந்து, ‘நான் எழுதுனது தப்பு’ன்னு ஒரு வார்த்த சொன்னா மெஷின் நிக்கும். சொல்லுவானா? சொன்னா அவன் பொழப்புல்லா போயிரும்! பெறவு எவன் அவன மலை பாக்கக் கூப்பிடுவான்?”

கீழே டீசல் எஞ்சின் உறுமியது. லாரியிலிருந்து மெஷினை இறக்குகிறார்கள். ஏழாக இன்னும் இருபது நிமிஷம்.

செபஸ்தியான் குரலைத் தாழ்த்தினார்.

“சரி, நான் உம்மப் பாக்கல. பையத் தூக்கிட்டுப் பின்பக்கமா ஓடிரும்.”

அவன் பையை எடுத்தான். நாற்பது கிழங்கு. எடையே இல்லை.

“ஞாயித்துக்கெழம நம்ம ரூமுக்கு வாரும். மீன்கொழம்பு வைப்பேன். ஒத்தையில தின்னுத் தின்னு நாக்கே செத்துப் போச்சு.” சிரித்தார். “ஆமா, உம்ம பேரச் சொல்லலியே?”

அவன் குழியைப் பார்த்தான். நாற்பத்தியோராவது கிழங்கின் தலை பாதி தெரிந்தது.

பையைக் கீழே வைத்தான். மண்ணைத் திரும்பக் குழிக்குள் தள்ளி, உள்ளங்கையால் அழுத்தினான். மெதுவாக அழுத்தினான்.

பிறகு எழுந்து, எஞ்சின் சத்தம் வந்த திசையில் இறங்க ஆரம்பித்தான்.

“எங்கவே அந்தப் பக்கம் போறீரு? பேரக் கேட்டேன்லா!”

அவன் திரும்பவில்லை.

“கேட்டுல வாசிச்சீங்களே,” என்றான். “அதுதான்.”