ஊசிமுனை

"பாருங்க, ‘ஊசிமுனை’ இன்னிக்கும் வந்துட்டா! ‘காலர் கோணல், கையில சுருக்கம்’னு கமெண்ட் எழுதியிருக்கா. இதைப் படிச்சா நம்ம வீடியோ பார்க்கிறவங்க எப்படி ஆர்டர் தருவாங்க? அவளை பிளாக் பண்ணப் போறேன்," என்றாள் தையல்கடைக்காரி.

"வேண்டாம்," என்றான் கணவன்.

"ஏன், உங்களுக்கு வேண்டியவளா?"

"ஆமா. அந்தப் பேரை வெச்சுக் கொடுத்ததே நான்தான்."

அவள் முறைத்தாள். அவன் உள்ளறைக் கதவைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினான். "நீ வந்து நாலு வருஷமா எங்கம்மா உன்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. இப்பதான் தினமும் பேசறாங்க."

அவள் அந்தக் கமெண்டுக்குக் கீழே, ‘சாப்பிட வாங்க அத்தை’ என்று பதில் எழுதினாள்.

உள்ளே போன் ஒலித்தது. கதவு திறந்தது.

"ஏன், நேர்ல கூப்பிட்டா வாய் வலிக்குமோ?" என்றாள் மாமியார்.