உயரம் பத்தாது, தம்பி

அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க நான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

முப்பத்தோரு வயதில் இது எனக்கு முதல் அனுபவம். என் உயரம் ஆறடி நாலு அங்குலம். இதுவரை பழகியவர்களில் முக்கால்வாசிப் பேரின் வகிடுதான் எனக்குப் பரிச்சயம்.

அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே, கார்கள் நிற்கும் இடத்தில், அந்தக் கறுப்பு பைக் நெட்டையாக நின்றது. ஹேண்டில்பாரில் 'விற்பனைக்கு' என்று ஓர் அட்டை. பக்கத்தில், சீட்டின் மேல் கை வைத்தபடி அவர்.

கேட்கவே வேண்டாம். நெட்டை வண்டி, நெட்டை மனிதர். உரிமையாளர்.

"வண்டி பாக்க வந்தேன் அண்ணே."

அவர் என்னைக் காலிலிருந்து தலைவரை அளந்தார். முகம் வாடிப்போனது.

ஆசையாக வளர்த்த வண்டி, பிரிகிற வருத்தம் இருக்காதா என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கோ அன்று வண்டி கிடைத்தே ஆக வேண்டும். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன் நான். எட்டு வருடமாக பஸ் கூரைக்குக் கீழே கழுத்தை மடித்து நின்று வேலைக்குப் போனதில், நர்ஸ்கள் வைத்த பெயர் 'கேள்விக்குறி'. போன மாதம் என் கழுத்தையே படமெடுத்து எலும்பு டாக்டரிடம் நீட்டினேன். இன்னும் ஒரு வருடம் பஸ்ஸில் போனால் மீதிக் காலம் முழுக்க என் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்றார்.

ஓட்டக் கற்றேன். லைசென்ஸ் வாங்கினேன். ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினேன்.

பதினோரு வண்டி. ஒன்றில் முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. இன்னொன்றில், திரும்பும்போதெல்லாம் என் முட்டியே ஹாரன் அடித்தது. கூட வந்த தங்கச்சி தீர்ப்பு சொன்னாள்: "அண்ணா, இதை நீ ஓட்டப்போறியா, இடுக்கிக்கிட்டு நடக்கப்போறியா?"

இது பன்னிரண்டாவது.

காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் தரையில் அப்பிக்கொண்டன. முட்டி, முட்டி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கழுத்து தானாக நிமிர்ந்தது. அளவெடுத்துத் தைத்த சட்டை போல ஒரு வண்டி.

இறங்க மனம் வரவில்லை.

அவர் தொண்டையைக் கனைத்தார்.

"சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க தம்பி. செயின் போயிடுச்சு. மழை பெஞ்சா ஸ்டார்ட் ஆகாது."

சிலிர்த்துப்போனேன். விற்கிறவர் வாயிலிருந்து வருகிற பேச்சா இது? தங்கள் வண்டிக்கு இறக்கை மட்டும்தான் இல்லை என்று சத்தியம் செய்தவர்களைத்தான் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவரல்லவா உண்மை விளம்பி!

"வாங்கினா உங்களை மாதிரி ஆளுகிட்டதான் அண்ணே வாங்கணும்."

அவருக்கு வியர்த்தது.

பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும் என்றார். நேர்மை. பிரேக் போட்டால் அடுத்த தெருவில்தான் நிற்கும் என்றார். அப்பழுக்கில்லாத நேர்மை. அவர் குறை சொல்லச் சொல்ல, அவர் மேல் என் மரியாதை ஏறிக்கொண்டே போனது.

கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"அதெல்லாம் விடுங்க. இந்த வண்டிக்கு உங்க உயரம் பத்தாது, தம்பி."

என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் என்னைக் குள்ளன் என்கிறார். கண் கலங்கிவிட்டது. நர்ஸ்கள் பக்கத்தில் இருந்து கேட்டிருக்க வேண்டும்.

பேசி முடித்துவிடலாம் என்று கையை நீட்டப் போனேன். லிஃப்ட் திறந்தது.

ஒரு பெண்மணி ஓடி வந்தார். என் சட்டைப் பை உயரம் இருந்தால் அதிகம். ஈரக் கையில் ஒரு சாவி.

"ஸாரி சார், துணி காயப்போட்டுட்டு இருந்தேன். ஆசைப்பட்டு வாங்கிட்டேன், எனக்குக் கால் எட்டல. சிக்னலுக்கு சிக்னல் விழுந்து எந்திரிச்சதுதான் மிச்சம். ஆமா, உங்க ரெண்டு பேர்ல பத்து மணிக்கு வரச் சொன்னது யாரை, பத்தரைக்கு வரச் சொன்னது யாரை?"



நான் உண்மை விளம்பியைப் பார்த்தேன். அவர் தலைக்கு மேலே ஓடிய தண்ணீர்க் குழாயைப் பார்த்தார். அவருக்கு அது மிகவும் பக்கத்தில் இருந்தது. அவர் கழுத்தும் ஒரு பக்கமாக மடிந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அவரும் பஸ்தான்.

அவர் வாயைத் திறந்தார்.

நான் முந்திக்கொண்டேன்.

"பத்து மணி நான்தாங்க. இந்த அண்ணனுக்கு வண்டி பிடிக்கலையாம். செயின் போயிடுச்சாம், மழையில ஸ்டார்ட் ஆகாதாம், பிரேக்கும் பிடிக்காதாம்."

"யாரு சொன்னது? போன வாரம்தான் சார் புதுச் செயின் மாட்டினேன்!"

இடுப்பில் கை வைத்து அந்த அம்மா அண்ணாந்து பார்த்த பார்வையில், அந்த ஆறரை அடி மனிதர் ஐந்தடிக்குச் சுருங்கினார்.

திறந்த வாய் மூடிக்கொண்டது. இத்தனை குறை சொன்ன வண்டியை, எனக்கே வேண்டும் என்று எந்த வாயால் கேட்பார்?

சாவி என் கைக்கு வந்தது.

யாரும் கேட்பதற்கு முன், போனைப் பாக்கெட்டின் அடிவரை தள்ளிவிட்டேன். அதில் அந்த அம்மா நேற்று எனக்கு அனுப்பிய மெசேஜ் பத்திரமாக இருந்தது.

'பத்தரைக்கு வாங்க.'