ஒரு சொல்லுக்கு ஒரு மாதம்

"ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை. அதுக்கு அர்த்தம் தேட ஒரு மாசமா தினமும் இருட்டினப்புறம்தான் வீட்டுக்கு வரணுமாப்பா?"

சூப்புக் கிண்ணத்தை ணங்கென்று வைத்தாள் கேட்ரின். எலிஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"டைனமைட்டுங்கிறது லேசுப்பட்ட வார்த்தையாம்மா? யாரு வச்ச பேரு, எந்த பாஷையிலேருந்து வந்துச்சுன்னு கொட்டகையே ரெண்டுபட்டுக் கெடக்கு. தலைவரே நான்தான். பாதியில எந்திரிச்சு வர முடியுமா?"

வேல்ஸ் மலையில் சிலேட்டுக்கல் உடைக்கிறவர்கள் அப்படித்தான். குவாரியின் சாப்பாட்டுக் கொட்டகையில் விவாதம் கிளம்பினால் சோறு தண்ணி வேண்டாம்.

"நாளைக்கு எனக்குக் கல்யாணம்பா."

எலிஸ் வீங்கிய விரல்களால் ரொட்டியைப் பிய்த்தார்.

"தலையில நாலு சொட்டுத் தண்ணி தெளிச்சுட்டு ஞானஸ்நானம்னு சொல்ற சபை மாப்பிள்ளை வீட்டுச் சபை. நாம தண்ணியில முங்கி எழுந்தவங்க. அந்த ஆலயத்துப் படியை மிதிக்க மாட்டேன்னு சொன்னேன். சொன்னதுதான்."

"தாயில்லாப் பொண்ணை இருபத்திரண்டு வருஷம் வளர்க்கத் தெரிஞ்சது. வந்து பக்கத்துல நிக்கத் தெரியலையா? பக்கத்து வீட்டு மெகனுக்குப் பாறையில பன்னிரண்டு குழி குடைஞ்சு, வெடிமருந்து கெட்டிச்சு, குழிக்கு ஒண்ணா கல்யாண வெடி போட்டாங்க. நான் அதெல்லாமா கேட்டேன்?"

அவர் ரொட்டியைச் சூப்பில் தோய்த்தார்.

மறுநாள் மாப்பிள்ளை கெதினின் சித்தப்பா ஹ்யூதான் அவளை ஆலயத்துக்குள் அழைத்துப் போனார். அவரும் அதே குவாரிக்காரர். முன்வரிசையில் அப்பாவுக்காக விட்ட இடம் கடைசி வரை காலியாகவே இருந்தது.

மோதிரம் மாற்றி வெளியே வந்ததும் கேட்ரின் அடக்க மாட்டாமல் கேட்டாள்.

"மாமா, அந்த டைனமைட் விவாதம் இன்னுமா முடியல?"

"அதுவா? கிரேக்க வார்த்தை, வல்லமைன்னு அர்த்தம், வேதத்துலயே இருக்குன்னு போதகர் சொல்லிட்டாரே. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு. ஆச்சு ஒரு மாசம்."

அப்படியானால் ஒவ்வொரு சாயங்காலமும் பொய். பெற்ற மகள் முகத்தைப் பார்க்கக்கூடப் பிடிக்காமல் எங்கேயோ சுற்றியிருக்கிறார்.

அப்போதுதான் தலைக்கு மேலே மலை அதிர்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. கெதின் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் உதடு தானாக எண்ணியது. இருபத்திரண்டில் வெடி நின்றது.

"என் வயசு," என்றாள் மெதுவாக.

"ஒரு குழி குடைய ஒரு சாயங்காலம் ஆகுமே," என்றார் ஹ்யூ, மேலே பார்த்தபடி.

புகை விலகியது. ஆலயத்துப் படியை மிதிக்காமல், அதற்கு நேர் மேலே பாறை உச்சியில் நின்று எலிஸ் தொப்பியை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து ஒரு திரியைப் பற்றவைத்துவிட்டு ஒதுங்கினார். இன்னொரு வெடி வெடித்தது.

"அது உங்களுக்கு," என்று கெதினிடம் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள் கேட்ரின்.