முப்பத்திரண்டு அம்மாக்கள்

"வீட்டுல நல்லாத்தானே பேசுச்சு! இங்க வந்ததும் வாயே திறக்க மாட்டேங்குதே!"

நர்ஸ் தலையில் கைவைத்துக்கொண்டாள். குழந்தைகள் வார்டுக் கணினியின் திரையில் முப்பத்திரண்டு பிள்ளைகளின் படங்கள். ஒரு படத்தைத் தொட்டால் அந்தப் பிள்ளையின் அம்மா பேச வேண்டும். பார்வையாளர் நேரம் முடிந்ததும் அழுகிற பிள்ளைகளுக்காக, ஒவ்வொரு அம்மாவிடமும் குரல் வாங்கி, இரண்டு மாதம் உட்கார்ந்து அவளே செய்தது. பத்து மணிக்குப் பெரிய டாக்டர் பார்க்க வருகிறார். பேசாவிட்டால், "நமக்கெதுக்கு இந்த வேலை?" என்று ஒரே வார்த்தையில் மூடிவிடுவார்.

மணி ஒன்பதரை. கூப்பிட்டதும் வந்த கணினிக்காரர் நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க சிஸ்டர். எப்படித் திறந்தீங்க?"

"பென் டிரைவ்லேருந்து காப்பி பண்ணி, டபுள் கிளிக் பண்ணேன். படம் வருது, குரல் வரலை. ஃபைல் கெட்டுப்போச்சா சார்?"

"ஃபைல் மேல தப்பில்லை. டிஸ்க்லேருந்து நேராத் திறந்தா, பிரவுசருக்குப் பக்கத்துல இருக்கிற குரல் ஃபைலும் திருடன்தான். உள்ள விடாது. வீட்டுல நீங்க இதைச் செய்யப் பயன்படுத்துன சாஃப்ட்வேரே, ஃபைலை எடுத்துக் குடுக்குற ஒரு சர்வரா நின்னு வழி விட்டிருக்கு. இங்கயும் சின்னதா ஒண்ணு ஓட விடுவோம்."

"பேசாம அந்தப் பாதுகாப்பையே அணைச்சுட்டா என்ன?"

"ஐயையோ! ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் சிஸ்டர். சாவி செஞ்சுக்கலாம், கதவைக் கழட்டக் கூடாது."

விரல்கள் பறந்தன. சிவப்பில் வரிசைகட்டி நின்ற பிழைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஒரு படத்தைத் தொட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"வந்துச்சா?"

"இல்லையே சார்."

'திரையை விட்டுட்டு என் மூஞ்சியையே பாக்குறாரே!' அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"இன்னொரு பூட்டு இருக்கு." மறுபடி குனிந்தார். பிரவுசர் அமைப்பில், இந்தப் பக்கத்துக்கு ஒலி அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. அதை மாற்றிவிட்டுத் தொட்டார்.

'தங்கம், மாத்திரையைத் துப்பாம முழுங்கணும், சரியா? அம்மா காலைல ஓடி வந்துருவேன்!'

அவள் வாய் திறக்கும் முன்பே அவர் சிரித்துவிட்டார். "வந்துருச்சு!"

அதோடு விடவில்லை. முப்பத்திரண்டையும் தொட்டுத் தொட்டு அவளிடம் கேட்டுச் சரிபார்த்தார். ஒலியின் அலைக்கோட்டைப் பார்த்து, "பதினேழாவது அம்மா ரொம்ப மெதுவாப் பேசுறாங்க, கொஞ்சம் ஏத்திடறேன்" என்றார். என்ன மனுஷன், என்ன பொறுமை என்று அவள் வியந்துபோனாள்.

பெரிய டாக்டர் வந்தார். நாலு படங்களைத் தொட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"எல்லா வார்டுக்கும் இது வேணும்மா."

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலுக்கு ஓடினாள். கணினிக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்தார்.

"சார்! ரொம்ப நன்றி சார்!"

திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கத்தினாள். அவர் பாட்டுக்கு நடந்தார். அவள் முகம் சுண்டிப்போனது. இவ்வளவு நல்ல மனுஷனுக்கு இத்தனை தலைக்கனமா?

"ஏண்டி, முதுகைப் பார்த்துக் கத்துறே?" பின்னால் வந்த தலைமை நர்ஸ் அவள் தோளைத் தட்டினாள். "முன்னாடி ஓடிப்போய் நின்னு சொல்லு. நம்ம உதட்டைப் பார்த்துத்தான் அவருக்கு எதுவும் புரியும். காய்ச்சல்ல ரெண்டு காதும் கேக்காமப் போயி ஏழு வருஷமாச்சு!"